கிளட்ச் டீச்சர் வாங்கிய கார்

கிளட்ச் டீச்சர் என்ற பெயரை வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். "மெதுவா விடு, மெதுவா விடு, மெதுவா... விட்டுட்டியா?" என்று அவள் கிளட்சைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அவளிடம் படித்த இருவர் எங்காவது சந்தித்தால் போதும், ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர் அதே ராகத்தில் முடிப்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். வங்கி மேலாளர், பல் மருத்துவர், பூக்கடைக்காரி எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். திட்டு வாங்கிய யாரும் அவளை மறந்ததில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய ஓட்டுநர் பள்ளி. பள்ளி என்றால் ஓர் அறைதான். ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரில் சாலைக் குறிகளின் படம், உள்ளே பற்சக்கரங்கள் தெரியும்படி வெட்டி வைத்த பழைய கியர்பெட்டி ஒன்று. வாசலில் கூரைமேல் பலகை பொருத்திய இரண்டு சின்னக் கார்கள். இரண்டிலும் பக்கத்து இருக்கைக்குக் கீழே அவளுக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக்.

இளம் வயதில் அதே சலவைக் கடையின் வேனை ஓட்டி, ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பக்கத்து அறை காலியானதும் பள்ளி ஆரம்பித்துவிட்டாள். எந்த முடிவையும் யோசித்து எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முதலில் எடுத்துவிடுவாள், பிறகு யோசிப்பாள், யோசித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எடுத்திருக்கேன்" என்பாள். கல்யாணமும் அப்படித்தான். உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைச் சீட்டு வாங்கப் போன இடத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அட்டையைக் காட்டி "மேல இருந்து படிங்க" என்று சொல்வதற்குள் கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டாள். அவர் அட்டையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். அடுத்த வருடம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

கண்ணாடிக்காரருக்கு மட்டும் அவளால் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாடத்தில் அவர் கிளட்சைச் சட்டென்று விட, கார் ஒரு துள்ளுத் துள்ளி தபால் நிலையத்தின் முதல் படிக்கட்டில் முன் சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது. டீச்சர் ஏதோ சொன்னாள். அவரும் ஏதோ சொன்னார். பிறகு அவர் இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார். குடும்பம் நன்றாகவே நடந்தது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்த் தனியாக இருக்க ஆரம்பித்த வருடம், ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது டீச்சர் சொன்னாள்:

"நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்."

கண்ணாடிக்காரர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை சீட்டு?"

"ரெண்டு."

"அதுல ஒண்ணு எனக்குத்தானே?"

"பின்ன, ரோட்ல போறவருக்கா?"

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கற்றுக்கொள்பவர்கள் ஓட்டும் கார் எப்படிப் போகும்? முதல் கியரில் கிளம்பும், இரண்டாவது கியரில் ஊரும், மூன்றாவது போடலாம் என்று நினைக்கும்போது சிக்னல் வந்துவிடும். வேலை நாள் முழுக்க அவள் இரண்டாவது கியரிலேயே வாழ்ந்தவள். மேலே இன்னும் எத்தனையோ கியர் இருப்பதை அவள் பாடமாகச் சொல்லிக் கொடுத்தாளே தவிர, ஆசை தீர அனுபவித்ததில்லை. அதிலும் தாழ்ந்த மூக்கும் அகன்ற பின்சக்கரமுமாக ஒரு கரும்பச்சைக் காரை நெடுஞ்சாலையில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு மனசு அதிலேயே நின்றது.

காரை வாங்குவதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தக் கியர் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அந்தக் கார் இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று கையால் கியர் மாற்றும் மேனுவல். இன்னொன்று தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்.

டீச்சரின் தம்பி மெக்கானிக். அக்காவின் இரண்டு கார்களும் அவன் பட்டறையில்தான் பிழைத்துக்கொண்டிருந்தன. பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் மேனுவல்தான் வாங்கச் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"கண்ணை மூடிட்டு ஆட்டோமேட்டிக் வாங்குக்கா. இப்ப வர்ற பெட்டியெல்லாம் நீ கண் சிமிட்டுறதுக்குள்ள கியர் மாத்திடும். உன்னால அந்த வேகத்துக்கு முடியாது."

"என்னாலயா முடியாது?"

"யாராலயும் முடியாதுங்கிறேன். அதுவுமில்லாம உன் இடது முட்டியைப் பாரு. சாயங்காலம் ஆனா வீங்கிப்போகுது. வேலையிலயும் கிளட்ச், வீட்டுக்கு வந்தும் கிளட்சா? காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கா."

"நீ இன்ஜினுக்கு வைத்தியம் பாரு. என் முட்டியை நான் பார்த்துக்கறேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பட்டறை வாசலில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். "நான் என்னத்தைச் சொல்றது? ரெண்டு கண்ணாடியையும் போட்டுப் பார்த்தாத்தானே எது தெளிவுன்னு தெரியும்? ரெண்டையும் ஓட்டிப் பார்க்கட்டும்."

அவர் பேச்சு எப்போதும் தொழிலைச் சுற்றித்தான் வரும். ஆனால் சொன்னது நியாயம்.

ஷோரூமில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்தக் கார் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நின்றது. அவர்களை வரவேற்க வந்த விற்பனைப் பெண் டீச்சரைப் பார்த்ததும் பள்ளிப் பிள்ளை மாதிரி நேராக நின்றுவிட்டாள்.

"டீச்சர்! என்னை ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயிலானியே, ரவுண்டானாவுல."

பக்கத்தில் நின்ற மேலாளர் இருமினார். அந்தப் பெண் சிரித்தாள். "மூணாவது தடவை பாஸ் ஆயிட்டேனே டீச்சர்."

முதலில் ஆட்டோமேட்டிக். ஆற்றங்கரைச் சாலையில் டீச்சர் அதை ஓட்டினாள். தம்பி சொன்னது பொய்யில்லை. காலை அழுத்தியதும் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது போல் கார் பாய்ந்தது. கியர் மாறுவதே தெரியவில்லை, சத்தம் மட்டும் ஒரு படி இறங்கி மறுபடி ஏறியது. வளைவில் அதுவே கியரைக் குறைத்துக்கொண்டது, வளைவு முடிந்ததும் அதுவே கூட்டிக்கொண்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேண்டுமானால் விரலால் தட்டிக் கியர் மாற்றிக்கொள்ள இருந்த இரண்டு இதழ்களையும் தட்டிப் பார்த்தாள். அதற்கும் உடனே பதில் சொன்னது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்ல மாணவன். நான் சொல்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சரியாப் பண்றான்."

விற்பனைப் பெண்ணுக்குச் சந்தோஷம். டீச்சர் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை.

அடுத்தது மேனுவல். அதை ஆற்றங்கரையில் ஓட்டமாட்டேன் என்றாள்.

"கடைத்தெருப் பக்கம் போலாம். ஆபீஸ் விடுற நேரத்துக்கு."

"டீச்சர், அந்த நேரத்துல அங்க நகரவே முடியாதே."

"அதுக்குத்தான். முட்டி என்ன சொல்லுதுன்னு இப்பவே கேட்டுக்கறேன். வாங்கினப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்?"

சாயங்காலம் கடைத்தெருவில் அவள் சொன்னபடியே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கிளட்ச் அவளுடைய பள்ளிக் கார்களைவிடக் கனம். முட்டி தன் பங்குக்கு முணுமுணுத்தது. அவள் காதில் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். கியர்க்கம்பி குட்டையாக, குளிர்ச்சியாக உள்ளங்கைக்குள் உட்கார்ந்தது. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும்போது பூட்டில் சாவி திரும்புவது போல ஒரு சின்னச் சத்தம். நெரிசல் தாண்டி மேம்பாலம் ஏறியதும் இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டாள். இறக்கத்தில் வளைவு வந்தது. கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றாவதுக்கு இறக்கினாள். இன்ஜின் உறுமிக்கொண்டு கச்சிதமாக வந்து சேர்ந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். விற்பனைப் பெண் திரும்பிப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் பாடம் படித்த காலத்தில் பார்த்ததே இல்லை.

ஷோரூமுக்குத் திரும்பியபோது கண்ணாடிக்காரர் வெளியே நின்ற ஆட்டோமேட்டிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"சார், நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றாள் விற்பனைப் பெண், விஷயம் தெரியாமல்.

"எனக்கு லைசென்ஸ் இல்லம்மா."

அவள் நம்பவில்லை. கிளட்ச் டீச்சர் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் இல்லையா? மேலாளர்தான் யோசனை சொன்னார்: பின்பக்கம் கார்களை இறக்குகிற பெரிய முற்றம் இருக்கிறது, சுற்றுச்சுவர் உண்டு, ஆள் நடமாட்டம் இல்லை, வேண்டுமானால் நடக்கிற வேகத்தில் ஒரு சுற்று. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அவர் உட்கார்ந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் துள்ளவில்லை, அணையவில்லை, யாரையும் கேலி செய்யவில்லை. பூனை மாதிரி நகர்ந்தது. ஒரு சுற்று என்றவர் நான்கு சுற்று சுற்றினார். பக்கத்தில் டீச்சரின் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் ஒரு தடவைகூட தப்பாகத் திருப்பவில்லை. கோடுகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை வாங்கினா" என்று ஆரம்பித்தார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் வழி சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். எதையும் மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவள்.

"இந்தாங்க, சொல்லிடறேன். எனக்கு மேனுவல்தான் வேணும்."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேளுங்க. ஆட்டோமேட்டிக் பிரமாதமான வண்டி. ஆனா அதை ஓட்டும்போது நான் மறுபடியும் டீச்சரா உக்காந்திருந்தேன். அது கியர் போடுது, நான் பார்த்துட்டிருக்கேன். இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணிட்டிருக்கேன், பக்கத்துல உக்காந்து அடுத்தவங்க கியர் போடுறதைப் பார்க்கிறது? என் கார்லயாவது நான் போடறேன்."

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"நியாயம்தான்."

"உங்களுக்கு ஓட்டணும்னு ஆசை இருந்தா ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் தனியா..."

"எனக்குச் சின்னது வேண்டாம். அந்தக் கரும்பச்சைதான் வேணும். நாலு சுத்து சுத்திட்டு இனிமே சும்மா பக்கத்துல உக்காரச் சொன்னா எப்படி?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ மேனுவலே வாங்கு. நான் கத்துக்கறேன்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடலாம்!"

"உன்கிட்ட இல்லை."

"பின்ன யார்கிட்ட?"

"மீசைக்காரர்கிட்ட."

மீசைக்காரர் என்றால் அடுத்த தெருவில் போட்டிப் பள்ளி நடத்துகிறவர். அவரும் டீச்சரும் பல வருடமாகப் பார்த்தால் தலையாட்டுவார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. டீச்சருக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார்.

"உன்கிட்ட கத்துக்கிட்டா லைசென்ஸ் வரும், குடும்பம் இருக்காது. எது வேணும், நீயே சொல்லு."

 மறுநாள் தானே அவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். வேறு யாராவது போய்ச் சொல்லி, மீசைக்காரர் அதை வைத்து ஊரெல்லாம் கதை கட்டுவதைவிட, தானே நேராகப் போய் நிற்பது மேல். மீசைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன டீச்சர், வழி தவறி வந்துட்டீங்களா?"

"இவருக்குச் சொல்லிக் குடுக்கணும். கிளட்சை சூடான பாத்திரத்தைக் கீழே போடுற மாதிரி விடுவாரு. காலைப் பார்க்காதேன்னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னா கண்டிப்பாப் பார்ப்பாரு. இதை வச்சு விளம்பரம் போடக்கூடாது."

"விளம்பரம் போடமாட்டேன்" என்றார் மீசைக்காரர் பெருமையாக. "வாயால சொல்லுவேன்."

"சொல்லிக்கங்க. பாஸ் பண்ண வச்சிட்டு சொல்லுங்க."

காருக்குச் சொல்லியாயிற்று. அது வருவதற்குள் கண்ணாடிக்காரர் தினமும் காலையில் கடை திறக்குமுன் பாடத்துக்குப் போனார். திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மட்டும் அவருடைய இடது கால் தானாக இறங்கும், மெதுவாக ஏறும். டீச்சர் பார்ப்பாள். நாக்கு நுனிவரை வரும். ஒரு வாய் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியம் அதுதான் என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

ஒருநாள் அவளிடம் படிக்கும் ஒரு நர்ஸ் காரை ஓட்ட, டீச்சர் பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள ஏற்றத்தில் சிக்னல். முன்னே நின்றது மீசைக்காரர் பள்ளியின் கார். பச்சை விழுந்தது. முன் கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பி மறுபடி அணைந்தது. பின் கண்ணாடி வழியாக ஓட்டுகிறவர் இருக்கையில் தெரிந்த வழுக்கைத் தலை யாருடையது என்று டீச்சருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நர்ஸ் ஹாரன்மேல் கை வைத்தாள். "என்ன டீச்சர் இது, இப்படி ஓட்டுறாங்க!"

"கையை எடு" என்றாள் டீச்சர்.

"பச்சை போயிடுமே."

"போகட்டும். இன்னொண்ணு வரும்."

அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். சிவப்பு விழுந்தது. டீச்சர் தன் இடது பாதத்தைக் கிளட்ச்சை மிதிப்பது போல வெறும் தரையில் அழுத்தி, யாருக்கோ காட்டுவது போல மெதுவாக, மிக மெதுவாக விட்டாள். அடுத்த பச்சையில் முன் கார் ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல், குலுங்காமல் ஏறிப்போனது. நர்ஸ் அப்பாடா என்றாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் முதல் தடவையிலேயே டெஸ்டில் தேறினார். விற்பனைப் பெண்ணைவிட இரண்டு தடவை குறைவு என்று டீச்சர் ஷோரூமுக்கு போன் செய்து சொன்னாள். மீசைக்காரரும் சொன்னபடி ஊரெல்லாம் சொன்னார். "கிளட்ச் டீச்சர் வீட்டுக்காரர் என் மாணவர்" என்று ஆரம்பித்தால் கேட்பவர் காப்பி ஆறும்வரை முடிக்கமாட்டார். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு" என்று அவளே நாலு பேரிடம் சொன்னாள். இப்போது இருவரும் பார்த்துக்கொண்டால் நின்று பேசுகிறார்கள்.

அதே வருடம் பள்ளிக்கு ஓர் ஆட்டோமேட்டிக் காரும் வந்து சேர்ந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அதையே கேட்டார்கள். தம்பி விடுவானா?

"ஊருக்கு ஆட்டோமேட்டிக், உனக்கு மட்டும் மேனுவலாக்கா?"

"செருப்புக் கடைக்காரன் எல்லா சைஸும்தான் வச்சிருப்பான். தன் காலுக்கு ஏத்ததைத்தானே போட்டுக்குவான்?"

முட்டிக்குத் தம்பி சொன்ன ஓய்வும் ஒருவகையில் கிடைத்தது. ஆட்டோமேட்டிக் பாடத்தில் அவள் இடது காலுக்கு வேலையில்லை. மிச்சம் பிடித்த பலத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டாள்.

கரும்பச்சைக் கார் வந்த பிறகு முதல் மூன்று ஞாயிறும் அவள் ஒருத்திதான் ஓட்டினாள். அவர் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. கடற்கரைச் சாலையில் ஆறாவது கியர்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்குத்தான்யா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்காவது ஞாயிறு, மலையடிவாரம்வரை போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோரம் காரை நிறுத்திச் சாவியை நீட்டினாள்.

"வீட்டுக்கு நீங்க ஓட்டுங்க."

அவர் சாவியை வாங்கி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஏதாவது சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன்."

முதல் கியர் கொஞ்சம் இழுத்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு தயக்கம். அப்புறம் அவர் கை பழகிவிட்டது. கிளட்ச் பிடிக்கிற இடத்தை அவர் காலால் தேடவில்லை, காதால் தேடினார். லென்ஸைத் திருப்பித் திருப்பி எழுத்து தெளிகிற இடத்தில் நிறுத்துகிறவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. மாலை வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்தது. இன்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. டீச்சர் இருக்கையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தாள். காலை நீட்டினாள். ஊர் எல்லைக்கு வருமுன்பே தூங்கிப்போனாள்.

கண்ணாடிக்காரர் அதை ஒரு வளைவு தாண்டித்தான் கவனித்தார். ரேடியோவை அணைத்தார். வேகத்தடைகளில் குழந்தை தூங்கும் வண்டியைத் தள்ளுவது போல ஏற்றி இறக்கினார். வீட்டுத் தெருவுக்குள் நுழைந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றார். பின்னால் எடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். கியர்க்கம்பியை அப்படித் தள்ளினார், இப்படித் தள்ளினார். மீசைக்காரர் காரில் ரிவர்ஸ் இருந்த இடத்தில் இதில் ஆறாவது இருந்தது. பின்னால் ஒரு வேன் வந்து நின்று விளக்கைப் போட்டது.

"இந்தாம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "ரிவர்ஸ் எங்க இருக்கு?"

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. "கம்பிக்குக் கீழ வளையம் இருக்கும். அதைத் தூக்கிப் பிடிச்சிட்டு இடது பக்கமா முன்னால தள்ளுங்க."

தள்ளினார். விழுந்தது. காரை உள்ளே விட்டு நிறுத்தினார். கொஞ்சம் கோணல்தான். அவள் இறங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, வீட்டைத் திறக்கப் போய்விட்டாள்.